வீடு சூடாக இருந்த பத்து நாட்கள்

கதிர்,

இதைப் போனில் சொல்ல இரண்டு முறை முயன்றுவிட்டேன். இரண்டு முறையும் நீ "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாய், நான் "சாப்பிட்டேன்" என்றேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாகவே வாசி. எனக்கும் இப்போதெல்லாம் அரைப் பக்கம் எழுதினால் கை ஓய்ந்துவிடுகிறது. இங்கே புக்கிட் பாத்தோக்கில் இன்று காலையிலிருந்து காற்றே இல்லை. மின்விசிறி ஓடுகிறது, அப்படியும் பேப்பர் கையில் ஒட்டுகிறது. இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வீட்டுக் குளிரைப் பற்றி எழுதுவது எனக்கே விநோதமாக இருக்கிறது.

ஜூன் கடைசியில் நான் மெல்பர்னுக்கு வந்து இறங்கிய அன்று முதலில் பார்த்தது உன் தொப்பியை. வீட்டுக்குள் கம்பளித் தொப்பி போட்டிருந்தாய். ரேவதி கோட்டைக் கழற்றாமலே எனக்குத் தேநீர் போட்டாள். குழந்தை இனியாவுக்கு மூன்று சட்டை, அதற்கு மேல் ஒரு ஜாக்கெட். கையை மடக்கக்கூட முடியாமல் பொம்மை மாதிரி நின்றாள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. "ஹீட்டர் கொஞ்சம் ஸ்பாயில் மா, ஆள் வருவான்," என்றாய். ரேவதி திரும்பிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. அப்போதே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

என்னை அழைத்தது குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான். ரேவதி முதியோர் இல்லத்தில் வாரம் நான்கு நாள் வேலைக்குப் போகிறாள், நீ ஆபீசுக்குப் போகிறாய், பதினான்கு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விடக் கட்டுப்படியாகவில்லை என்றீர்கள். சந்தோஷமாகத்தான் வந்தேன். மூன்றாம் நாள் காலையில் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகு, குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தள்ளுவண்டியில் போட்டுப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் வெயிலாவது படட்டும் என்று வெளியே நடந்தேன். வெயிலிலும் சூடு இல்லை. கடைத்தெருவின் முனையில் நூலகம் இருந்தது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று முகத்தில் பட்டது. அப்பாடா என்று உள்ளே போனேன்.

நீ அங்கே இருந்தாய். ஜன்னலோரம், ஆபீஸ் சட்டையோடு, காலடியில் ஆபீஸ் பையோடு. கம்ப்யூட்டரில் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நான் வண்டியை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். "என்னப்பா, வேலை போச்சா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததும் "ஆபீஸ் எப்படிப்பா?" என்று கேட்டேன். "பிஸி மா," என்றாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

நான் ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போய் ஆறு வருஷமாகிறது. இதை இனிமேல் சொல்வதால் அவருக்கு ஒரு குறையும் வராது. நீ நான்காம் வகுப்புப் படித்தபோது கப்பல் பட்டறையில் அவருக்கு வேலை போய்விட்டது. உனக்குத் தெரியாது. நான்கு மாதம் தினமும் காலையில் நான் அவருடைய நீலச் சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, உன்னோடு ஒரே லிப்டில் இறங்கிப் போவார். ஜாலான் புசாரில் அவருடைய நண்பர் ஒருவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. அங்கே போய் சாயங்காலம் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நீ அவர் வந்ததும் ஓடிப் போய் "இன்னைக்குக் கப்பல் என்ன கலர்ப்பா?" என்று கேட்பாய். அவர் ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் சொல்வார். ஒரு நாள் நிறம் ஒன்றும் தோன்றாமல் நின்றார். நான் சமையலறையிலிருந்து "பச்சைன்னு காலையிலேயே போன்ல சொன்னீங்களே," என்றேன். நாங்கள் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டோம். பிள்ளைக்குக் கஷ்டம் தெரியாமல் வளர்க்கிறோம் என்று நினைத்தோம். எப்படி மறைப்பது என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பது உன்னை அந்த நூலகத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் செய்தது அதையேதான்.

அப்பாவுக்கு வேலை போன அந்தச் சமயத்தில்தான் நான் ஜூரோங்கில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் குளிர் அறையில் பெட்டி அடுக்கினேன். அங்கே எங்கள் சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே வார்த்தை: "டோர்! டோர்!" கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் கத்துவார். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். அதில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அன்றே டேப் ஒட்ட வேண்டும். குளிரைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர் எனக்கு வந்தது அங்கேதான். உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. பன்னிரண்டு வருஷம் நான் படித்த பாடம் அது ஒன்றுதான்.

நான்காம் நாள் நீங்கள் போன பிறகு ஹீட்டரின் குமிழைத் திருப்பினேன். படபடவென்று சத்தம் வந்து, நெருப்பு பிடித்துக்கொண்டது. ஸ்பாயில் ஒன்றும் இல்லை. எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து அணைத்து வைத்திருக்கிறீர்கள், நான் வந்ததால் பொய் சொல்லியிருக்கிறீர்கள். சரி, பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை, நாமும் சொல்லாமலே உதவி செய்வோம் என்று நினைத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பழைய மரப்பலகை வீடு. ஒவ்வொரு அறையிலும் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு சதுரத் துளை, அதில் சல்லடை மாதிரி மூடி. கையை வைத்தால் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிச் சூடாக இருப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் அகலமான டேப் வாங்கி வந்தேன். பழைய வெள்ளைத் தலையணை உறைகளை மடித்து, நாற்காலியில் ஏறி, துளைக்கு ஒன்றாக அடைத்து ஒட்டினேன். வெள்ளைச் சுவரில் வெள்ளைத் துணி, கவனித்துப் பார்க்காவிட்டால் தெரியாது. வீடு முழுவதையும் முடிக்க மூன்று நாள் ஆனது. கதவுக்கு அடியில் துணி சுருட்டி வைத்தேன். ஜன்னல் இடுக்குகளை அடைத்தேன். பிறகு ஹீட்டரை மிகக் குறைவாக வைத்தேன். குறைவாக வைத்தாலே போதும், சூடு எங்கே போகும்?

வீடு சூடானது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. நீ வந்து தொப்பியைக் கழற்றினாய். "என்னம்மா, வீடு சூடா இருக்கு?" என்றாய். "ஹீட்டர் தானாவே சரியாயிடுச்சு போல. சின்னதா வச்சேன். கர்ட்டனை இழுத்து விட்டேன்," என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஓ, சரியாயிடுச்சா? நல்லது," என்றாய். இரண்டு பேருமே பொய் என்று தெரிந்துகொண்டே அதை விட்டுவிட்டோம். இனியா ஜாக்கெட் இல்லாமல் தரையில் தவழ்ந்தாள். ரேவதி கால்மேல் கால் போட்டு சோபாவில் உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். என் பிள்ளை வீட்டுக்கு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்து நாள் அப்படி நினைத்தேன்.

அந்தப் பத்து நாளில் எனக்குத் தினமும் தலைவலி. குளிர் தலையில் ஏறிவிட்டது என்று தைலம் தடவிக்கொண்டேன். விடுமுறை நாளில் ரேவதிக்கும் தலைவலி, வயிற்றுப் புரட்டல். அவளுக்கும் தடவினேன். அவள் வேலைக்குப் போனால் சரியாகிவிட்டது, வீட்டுக்கு வந்தால் திரும்ப வந்தது. வீட்டு வேலை அலுப்பு என்றேன். இனியா பகலில் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்கினாள். உன்னிடம் பெருமையாகச் சொன்னேன்: "சூடு இருந்தா குழந்தை எவ்ளோ நல்லா தூங்குது பாரு." கதிர், அந்த வாக்கியம்தான் என்னை இன்னும் விடவில்லை. பாத்திரம் கழுவும்போது வருகிறது. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்தது. நீ பால் வாங்கப் போனாய். மற்ற நாட்களில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து சமைப்பேன். அன்று மழை என்பதால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அடுப்புக்கு மேலே இருந்த உறிஞ்சும் விசிறியைப் போட்டுக்கொண்டு மிளகாய்ச் சம்பால் வதக்கினேன். ரேவதி ஹாலிலிருந்து எழுந்து வந்து, "அத்தை, எனக்கு ஒரு மாதிரியா..." என்று சொல்லும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அவளைத் தூக்கப் போனேன். என் கால் எனக்கு அடங்கவில்லை. வாந்தி எடுத்தேன். நீ கதவைத் திறந்த சத்தம் கேட்டது. பால் பாட்டில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடியதைப் பார்த்தேன். அவள் கைகள் உன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தர் பின் ஒருத்தராக எங்களையும் இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் போட்டாய். மழையில் படுத்திருந்தேன். குளிராகவே இல்லை.

மற்றதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீதான் எனக்குச் சொன்னாய். அந்தப் பழைய ஹீட்டரைப் பல வருஷமாக யாரும் சர்வீஸ் செய்யவில்லை என்றும், நெருப்புக்குக் காற்று வேண்டும் என்றும், காற்று வரும் வழியை அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் புகைக்குழாய் வழியாக மேலே போக வேண்டிய விஷவாயு திரும்ப வீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும் என்றும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை என்றும். மருத்துவமனையில் இனியாவின் முகத்தில் அந்த ஆக்சிஜன் மூடி, அவளுக்குப் பெரிதாக இருந்தது. சாயங்காலம் அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதாள். அவ்வளவு நேரம் அழாமல் இருந்த நீ அப்போது அழுதாய்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி. புல்தரையில் ஆம்புலன்ஸ்காரர்கள் எனக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தபோது, தீயணைப்பு வீரர் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் என் தலையணை உறைகள், டேப் தொங்க. "யார் இதைச் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் புரிந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. பிறகு அவரிடம் "நான்தான்" என்றாய். அவர் உன்னை எல்லோர் முன்னாலும் திட்டினார். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இப்படியா செய்வாய் என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு "சாரி, சாரி" என்றாய். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் ரேவதி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். என் வாயில் ஆக்சிஜன் மூடி இருந்தது, அதனால் பேச முடியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அதை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் உங்கள் அறையிலிருந்து ரேவதி கத்தியது சுவர் வழியாகக் கேட்டது. "வீட்டு ஏஜென்ட் ரெண்டு தடவ மெசேஜ் பண்ணினான்ல, சுவத்துல இருக்கற வெண்ட்ட மூடாதீங்கன்னு? உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றாய்.

"தெரிஞ்சுமா பண்ணினே?"

நான் இந்தப் பக்கம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து கதவைத் தட்டி "நான்தாம்மா செஞ்சேன்" என்று சொல்ல எத்தனை அடி? நான்கு அடி இருக்கும். போகவில்லை. பேத்தியை இனிமேல் என்னிடம் விடமாட்டாளோ என்ற பயம். உண்மையான காரணம் அதுதான், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. டிக்கெட்டை மாற்றி ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பினேன். நீ விமான நிலையத்தில் என் பையைத் தூக்கி வைத்துவிட்டு, "அதப் பத்தி நெனைக்காதீங்கம்மா" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. நீ என்னைத் திட்டியிருந்தால் விமானத்தில் தூங்கியிருப்பேன்.

இங்கே வந்த பிறகு கேட்டவர்களிடமெல்லாம் "நல்ல குளிர், பேத்தி நல்லா இருக்கா" என்றேன். போன வாரம் எதிர் வீட்டுக் கதீஜாவோடு தேக்கா சந்தைக்குப் போனேன். அவள் மகள் படிப்புக்காக உங்கள் ஊருக்கு வரப் போகிறாள். கறி வாங்கிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்ததும், "நீங்கதான் போய்ட்டு வந்துட்டீங்களே, அந்தக் குளிருக்கு என்னா பண்ணணும், சொல்லுங்க. பிள்ளைக்குச் செலவுக்குக் கொஞ்சமாத்தான் குடுக்க முடியும்," என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். ஒரு தடித்த சட்டைக்குப் பதில் இரண்டு மெல்லிய சட்டை, காலுக்குக் கம்பளிக் காலுறை, ஈரமானால் உடனே மாற்றிவிட வேண்டும், படுக்கையில் சுடுதண்ணீர்ப் பை. முக்கால்வாசி நான் குளிர் அறையில் கற்றது, சரியானதுதான். "வீட்டுல ஓட்டை இருந்தா..." என்று வந்ததும் என்னால் மேலே பேச முடியவில்லை. அந்தக் கூட்டத்தில், கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முழுவதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் தேநீர் ஆறிப்போகும் வரை கேட்டாள். "மருமக கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்னா லா யூஸ்?"

அன்று வீட்டுக்கு வந்ததும், கறியைக்கூடக் குளிர்பெட்டியில் வைக்காமல் ரேவதியைக் கூப்பிட்டேன். நீ வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருக்கிறாய் என்று அவளே சொன்னாள். வேலை தேடுவதை நீ என்னிடம் இதுவரை சொல்லவில்லை, ஆனாலும் அது எனக்கு முன்பே தெரியும் என்று அவளிடம் சொன்னேன். பிறகு துளைகளை அடைத்தது நான், அவன் இல்லை என்றேன்.

"நான் பாத்தேன் அத்தை," என்றாள். "லீவு நாள் காலைல நீங்க சேர்ல ஏறி டேப் ஒட்டிக்கிட்டிருந்தீங்க. நான் ரூம்லேருந்து பாத்தேன். வீடு சூடா இருந்துச்சு. எதுக்குன்னு கேக்கல. அந்த மெசேஜ் எனக்கும்தான் வந்துச்சு." அழுதாள். "அவர் நான்தான்னு சொன்னப்ப எனக்கு வந்த கோவம் உங்க மேல இல்ல. எல்லாத்தையும் அவரே எடுத்துக்கிட்டா, நான் எங்க போய் என்னோடத சொல்றது? அதான் கத்தினேன்."

இத்தனை நாள் நீ அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தாய், அவள் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தாள். நான் இங்கிருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மிகவும் அலுத்துவிட்டது, கதிர். கால்வலி தூங்கினால் கொஞ்சம் அடங்குகிறது. இந்த அலுப்பு அப்படி அடங்கவில்லை.

குளிர் இன்னும் முழுவதும் போகவில்லை என்று ரேவதி சொன்னாள். அடுத்த வருஷமும் வரும். அதனால் இதைக் கேட்டுக்கொள். அந்தத் துளைகளை யாரும் தொடக் கூடாது. ஹீட்டரைச் சரி பார்க்க ஆள் வரும்வரை அதைத் தொடாதே, வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேள், கேட்பதற்கு வெட்கப்படாதே. அந்த விஷவாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்று இருக்கிறதாமே, அதற்கு மட்டும் நான் அனுப்புவதை மறுக்காமல் வாங்கிக்கொள். மூன்று பேரும் ஒரே அறையில் படுங்கள், ஒரு அறையைச் சூடாக வைப்பது சுலபம். வெயில் வரும் பக்கத்துத் திரையைப் பகலில் திறந்துவிட்டு, இறங்கியதும் மூடுங்கள். துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள், சுவர் ஈரம் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ரசமோ சூப்போ ஏதாவது சூடாக இருக்கட்டும். பகலில் நூலகத்துக்குப் போவதானால் மூன்று பேருமாகவே போங்கள். அங்கே இருப்பது ஒன்றும் அவமானம் இல்லை. வேலை கிடைக்கும். கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்று சொல்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ இன்னும் என்னிடம் கோபப்படவே இல்லை, அதற்குள் எப்படி மன்னிப்பாய்? ஒரு நாள் போன் செய்து, "ஏம்மா அப்படிச் செஞ்சீங்க, என் பிள்ளை செத்திருக்கும்" என்று கத்து. கேட்டுக்கொள்கிறேன். நடுவில் போனை வைத்துவிட மாட்டேன். அதற்கு முன்னால் ரேவதியிடம் போ. நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், நீ இதை வாசித்து முடிக்கட்டும் என்று அவள் பக்கத்து அறையில் காத்துக்கொண்டிருப்பாள். கடைசி வரி வரை வாசித்துவிட்டாய். எழுந்து போய்க் கதவைத் தட்டு.

அம்மா